வண்டி மாமா பெயரில், ஸ்டியரிங் என் கையில்: தண்டையார்பேட்டைக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றைப் பற்றி

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல் முதல் மாடியில், வாகனக் காப்பீடு மட்டும் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. பல காப்பீட்டு நிறுவனங்களின் பாலிசிகளையும் ஒரு தரகு நிறுவனத்தின் வழியாக விற்கிறார்கள். அதன் உரிமையாளர் தம் பெயரையும் கடைப் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் விருப்பப்படியே பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக் காரின் காப்பீட்டை இந்த முறை அங்கேதான் புதுப்பித்தோம். குடும்பத்தில் ஒருவர் பெயரில் வண்டி இருந்து, வேறொருவர் அதை அன்றாடம் ஓட்டுகிற வீடுகளுக்கு இந்த அலுவலகத்தின் சேவை ஏன் பயன்படும், எங்கே அது சறுக்குகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கார் 2019-இல் வாங்கியது, 1,197 சி.சி. பெட்ரோல் வண்டி. என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்து ஒரு பகுதியைப் போட்டு வாங்கியதால் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. கண் புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாமா வண்டியைத் தொடுவதில்லை. அவருடைய ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டது. என் கணவர் மணலியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், கம்பெனிப் பேருந்தில் போய் வருகிறார். ஆகவே பெரம்பூரில் உள்ள பள்ளிக்கு நான் வேலைக்குப் போவதற்கும், பிள்ளைகளை விடுவதற்கும், ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் அத்தையையும் வடிவுடையம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவதற்கும் வண்டியை ஓட்டுவது நான். வடசென்னையில் டி.என். 03, 04, 05 என்று எண் பலகை தாங்கி ஓடும் குடும்பக் கார்களில் பல இப்படித்தான் இருக்கின்றன: பெரியவர் பெயரில் வண்டி, இளையவர் கையில் சாவி.

இதற்கு முன்பு கைபேசிச் செயலி ஒன்றின் வழியாகப் புதுப்பித்து வந்தோம். வண்டி எண்ணைத் தட்டினால் மற்ற விவரங்கள் தாமாகவே நிரம்பும். பணம் கட்டினால் சில நிமிடங்களில் பாலிசி வந்துவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறது என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருப்பார்கள். அதன் பேரில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான, அதாவது வண்டியைத் தாமே ஓட்டும் உரிமையாளருக்கான, தனிநபர் விபத்துக் காப்பீடும் தொகையில் சேர்ந்துவிடும். வண்டியை உண்மையில் ஓட்டுவது யார் என்று அந்தச் செயலி ஓரிடத்திலும் கேட்பதில்லை.

மாடி அலுவலகத்தில் முதல் கேள்வியே அதுதான். மாமாவும் நானும் போய் உட்கார்ந்ததும், பழைய பாலிசியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "வண்டிய தினமும் ஓட்றது யாரும்மா?" என்று அலுவலக உரிமையாளர் கேட்டார். மாமா, "வண்டி என்னுதுதான்" என்றார். "அது ஆர்.சி.யிலயே தெரியுது ஐயா, ஓட்றது யாரு?" என்று அவர் சிரித்தபடி மீண்டும் கேட்டார். பிறகு காப்பீடு கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஓட்டுநர் விவரம் கேட்கும் பகுதியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். உரிமையாளரா, சம்பளத்துக்கு அமர்த்திய ஓட்டுநரா, உறவினரா, வேறு யாருமா என்று அந்தப் பகுதி கேட்கிறது. உறவினர் என்ற இடத்தில் என் பெயரையும் கணவர் பெயரையும் எழுதி, எங்கள் இருவரின் உரிமங்களையும் வாங்கி, முடியும் தேதியை மட்டும் தனியாக ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டார். காப்பீட்டுக்கு முன்பே உரிமம் முடிந்துவிடும் வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுவதற்காக அந்தக் குறிப்பேடு என்றார்.

இந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த விளக்கம்தான் இந்தச் சேவையின் மதிப்பு என்று நான் கருதுவதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டில் கார் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பிரிவு, உரிமையாளர் உட்பட யார் வேண்டுமானாலும் வண்டியை ஓட்டலாம், ஆனால் விபத்து நடக்கும் நேரத்தில் அவரிடம் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெறவோ வைத்திருக்கவோ தடை விதிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது என்று கூறுகிறது. எனவே மாமா பெயரில் உள்ள பாலிசியோடு நான் ஓட்டும்போது வண்டிக்குச் சேதம் வந்தாலும், வழியில் போகும் ஒருவருக்கு அடிபட்டாலும் காப்பீடு உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும், வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு, ஓட்டுபவர் மருமகளா மகனா என்று பார்ப்பதில்லை.

சிக்கல் ஓட்டுபவரின் உயிருக்கும் உடம்புக்கும் வரும்போது தொடங்குகிறது. உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு முன்பு கார்களுக்கு 2 லட்சம் ரூபாயாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து, 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 15 லட்சமாக உயர்த்தியது. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் முழுத் தொகை, ஒரு கையோ காலோ ஒரு கண் பார்வையோ போனால் பாதித் தொகை என்பது அதன் அளவு. ஆனால் இது யாருக்கு? வண்டியின் பதிவு உரிமையாளராகவும், பாலிசியில் பெயர் உள்ளவராகவும், செல்லுபடியாகும் உரிமம் வைத்திருப்பவராகவும் உள்ள ஒருவருக்கு மட்டும். எங்கள் வீட்டில் மாமாவுக்கு முதல் இரண்டு தகுதிகள் உண்டு, மூன்றாவது இல்லை. எனக்கு மூன்றாவது மட்டும் உண்டு. ஆகவே அந்த 15 லட்சம் எங்கள் வீட்டில் எவருக்கும் வந்து சேராத தொகை.

ஓட்டுபவரின் குடும்பம் மூன்றாம் நபர் என்ற முறையில் இழப்பீடு கேட்க முடியாதா என்று நான் கேட்டேன். அவர் ஒரு வழக்கைச் சொன்னார். பிறருடைய இருசக்கர வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிச் சென்று விபத்தில் இறந்த ஒருவர், அந்த வண்டியின் காப்பீட்டைப் பொறுத்தவரை மூன்றாம் நபர் ஆகமாட்டார், உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கில் கூறியிருக்கிறது. எதிரே வந்த வண்டியின் மேல் தவறு இருந்தால் அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து கேட்கலாம். தடுப்புச் சுவரில் தாமாகவே மோதிக்கொண்டவர் யாரிடம் போய்க் கேட்பது? எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்பவள் என்ற முறையில், அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, என்ன செய்யலாம் என்பதை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ஆர்.சி.யை என் பெயருக்கோ கணவர் பெயருக்கோ மாற்றுவது ஒரு வழி. படிவம் 29, 30 கொடுத்து மாற்றிவிட்டால் பதிவு உரிமையாளரும் ஓட்டுபவரும் ஒருவரே ஆகிவிடுவர். ஆனால் க்ளெய்ம் எடுக்காததற்காகக் கிடைக்கும் என்.சி.பி. தள்ளுபடி வண்டிக்கு உரியது அல்ல, பாலிசிதாரருக்கு உரியது. முதல் ஆண்டு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதத்தை எட்டும் அந்தத் தள்ளுபடி, மாமா பெயரில் உச்சத்தில் நிற்கிறது. வண்டி என் பெயருக்கு வந்தால் நான் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீட்டுக்குத் தள்ளுபடிக்கு முன் 6,400 ரூபாய் வந்தது. அதில் பாதியான 3,200-உம் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யான 576-உம் சேர்ந்து, பெயர் மாற்றத்துக்கு முதல் ஆண்டில் மட்டும் 3,776 ரூபாய் கூடுதலாகும். உரிமையாளர் காலமாகி, வண்டி மனைவியிடமோ பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ வரும்போது மட்டும் அந்தத் தள்ளுபடி அவர்களுக்குப் போகும் என்பதை, மாமா பக்கத்தில் இருந்ததால், அவர் மிகவும் சுற்றி வளைத்துச் சொன்னார். மாமாதான், "நான் செத்தா தள்ளுபடி வரும்னு சொல்றாரு" என்று உடைத்துச் சொல்லி முடித்துவைத்தார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது வேறு வழி. ஆர்.சி. மாமா பெயரிலேயே இருக்கட்டும். அவருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்பதைப் படிவத்தில் உள்ளபடி அறிவித்து, உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டை நீக்கிவிட்டோம். உரிமம் இல்லாத உரிமையாளருக்கு அதைக் கொடுக்க முடியாது என்பது விதி, எனவே கட்டாயம் என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, எனக்கும் கணவருக்கும் தனித்தனியாகத் தனிநபர் விபத்து பாலிசி எடுத்தோம். அது எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும், கணவரின் கம்பெனிப் பேருந்திலும் கூடவே வரும். காருக்குள் இருக்கும் பயணிகளுக்கென்று, பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் விபத்துச் சேர்க்கையை வாங்கினால் போதாதா என்று கேட்டதற்கு, வழக்கமாக அது ஆளுக்கு 2 லட்சம் வரையில்தான், அதுவும் ஓட்டுபவருக்குப் பொருந்துமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் தாம் விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். விற்றால் அவருக்குத் தரகு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் கொழுந்தனார் இந்த விஷயத்தில் எங்களை வெகுவாகக் குழப்பியிருந்தார். பதினெட்டு வயதான எங்கள் மூத்த மகனைப் படிவத்தில் எங்கும் எழுத வேண்டாம், எழுதினால் பிரீமியம் இரண்டு மடங்கு ஆகும், மாமாவையே ஓட்டுநராகக் காட்டுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பிரிட்டனில் காப்பீடு ஓட்டுபவரைச் சார்ந்தே விலை வைக்கப்படுகிறது. வண்டியை அதிகம் ஓட்டும் முதன்மை ஓட்டுநர் யார் என்று அங்கே தெளிவாக அறிவிக்க வேண்டும், இளைஞர்களுக்கு விலை மிக அதிகம். அதைத் தவிர்க்கப் பிள்ளை ஓட்டும் வண்டிக்குப் பெற்றோரை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவதை அங்கே ஃபிரண்டிங் என்பார்கள்; அது மோசடி. 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்திருந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே இல்லாததாக்கி எந்தக் க்ளெய்மையும் மறுக்கலாம். ஆக, கொழுந்தனாரின் யோசனை அவர் இருக்கும் நாட்டிலேயே செல்லாத யோசனை.

இங்கேயோ மூன்றாம் நபர் பிரீமியம் என்ஜின் கொள்ளளவைப் பார்த்து அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணையில் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. சொந்தச் சேதப் பகுதி வண்டியின் மதிப்பு, வயது, கொள்ளளவு, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்து வருவது. சென்னை பெருநகரப் பட்டியலில் இருப்பதால் சற்றுக் கூடுதல். ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் ஓடும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ற விலைக்கு அனுமதி கொடுத்திருப்பதால் இனிமேல் இந்த நிலை மாறக்கூடும் என்றாலும், எங்களுக்கு விலை சொன்ன நிறுவனங்களில் எதுவும் மகனின் வயதைக் கேட்டு விலையை ஏற்றவில்லை. அவனைப் பற்றி அலுவலகம் கேட்டது வேறு: அவனிடம் இருப்பது பழகுநர் உரிமம் என்பதால், எல் பலகை மாட்டி, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும்போது மட்டுமே பாலிசி அவனை ஏற்கும் என்று அவனிடமே நேரில் சொல்லி அனுப்பினார்கள். நான் வீட்டில் பத்து முறை சொன்னதைவிட அது நன்றாக ஏறியது.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது காசிமேட்டிலிருந்து ஒருவர் க்ளெய்ம் படிவத்தோடு வந்தார். மீன் வியாபாரம் செய்பவர். அவருடைய அக்கா மகன் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், சூரிய நாராயணா சாலை அருகே மின்கம்பத்தில் உரசி, இடது பக்கக் கதவு இரண்டையும் நசுக்கியிருக்கிறான். பட்டறைக்காரர் உரிமையாளர் பெயரையே ஓட்டுநராக எழுதினால் வேலை சுலபமாக முடியும் என்று சொல்லி, பென்சிலால் நிரப்பியும் கொடுத்திருந்தார். அலுவலக உரிமையாளர் அந்தப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். "அந்த நேரத்துல நீ ஏலத்துல நின்னத மார்க்கெட்டே பாத்துருக்குது. பையனுக்கு லைசென்ஸ் இருக்குது, அவன் பேரையே எழுதுண்ணே, பணம் வரும். உன் பேர எழுதுனா பொய்யின்னு சொல்லி மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க" என்றார். பாலிசிதாரர் கையெழுத்து ஓரிடத்தில், விபத்து நேரத்தில் ஓட்டியவரின் பெயர், உரிம எண், உறவு முறை வேறிடத்தில் என்று அந்தப் படிவமே பிரித்துத்தான் கேட்கிறது. தேவையே இல்லாத ஒரு பொய்யால் கெட்டுப்போகும் க்ளெய்ம்களையே தாம் அதிகம் பார்ப்பதாக அவர் எங்களிடம் திரும்பிச் சொன்னார். பெயரைப் பட்டறையில் வைத்து முடிவு செய்யும் பழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு இது மிகையாகப் படாது.

வண்டியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியையும் அவர்கள் விடுவதில்லை. வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டினால் தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பை மீறியதாகும். கன்டெய்னர் கிடங்குகளின் அலுவலகங்களுக்கு மாத வாடகைக்கு விடும் வீட்டுக் கார்கள் மாதவரத்திலிருந்து மணலி வரை ஓடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களுக்கு, அவர் தொடர்பான சட்டப் பொறுப்புக்கான சேர்க்கையைக் கேட்டுப் போடுகிறார்கள். அது 50 ரூபாய்தான்.

விலையைப் பொறுத்தவரை, செயலி காட்டிய தொகையைவிட இங்கே வந்த தொகை சில நூறு ரூபாய் அதிகம். தனிநபர் விபத்து பாலிசிகளைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது: செயலியில் வண்டியின் மதிப்பை அனுமதிக்கப்பட்ட கீழ் வரம்பில் வைத்திருந்தார்கள். மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும். வண்டி திருடு போனாலோ முழுவதும் நொறுங்கினாலோ கைக்கு வருவதும் குறையும். இதைத் தெரிந்தே குறைத்துக்கொள்பவர்களும் இருக்கலாம், அதில் தவறில்லை. திரையில் சிறிய எழுத்தில் வைத்துவிட்டு, மலிவு என்று பெரிய எழுத்தில் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையை அலுவலகம் வலியுறுத்தியது, நாங்களும் எடுத்துக்கொண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்ணீர் நின்றதையும், எண்ணூர்ப் பக்கம் அதில் எண்ணெய் கலந்ததையும் பார்த்த எவரும் இதற்குத் தனியாக வாதம் கேட்க மாட்டார்கள். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும், ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் பிடித்துக்கொண்டால் அதை விளைவுச் சேதம், அதாவது வெள்ளத்தால் நேராக வராமல் பிறகு செய்ததால் வந்த சேதம், என்று சொல்லி மறுக்க இடம் இருக்கிறது. அதே நேரத்தில் சாவி தொலைந்தால் மாற்றித் தரும் சேர்க்கை, டயர் சேர்க்கை ஆகியவற்றையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றவுடன் விட்டுவிட்டார்கள். இருந்தாலும் பேச்சின் நடுவே அவை பட்டியலில் ஏறியிருந்தன, தாளைக் கவனித்துப் படித்ததால்தான் தெரிந்தது.

குறைகள் இன்னும் உண்டு. என் விபத்து பாலிசியில் நியமனதாரராக (நாமினி) மகன் பெயரைக் கொடுத்திருந்தோம். பாலிசி வந்தபோது அவன் பிறந்த ஆண்டு தவறாக இருந்தது. திருத்தக் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள் என்றாலும், திருத்தச் சான்று கைக்கு வர நான் பலமுறை தொலைபேசியில் விரட்ட வேண்டியிருந்தது. மாத முடிவில் அங்கே போகவே கூடாது. லாரி உரிமையாளர்கள் கட்டுக்கட்டாக ஆவணங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டால் வீட்டுக் கார்க்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான். மாடிப்படி குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மாமா ஏறி இறங்கச் சிரமப்பட்டார். முன்மொழிவில் கையெழுத்துப் போட வண்டி உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நடக்க முடியாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒருவரை அனுப்பலாம். வண்டியை நிறுத்த அந்தத் தெருவில் இடமே இல்லை. மெட்ரோவில் தண்டையார்பேட்டையில் இறங்கி நடந்து போவது மேல். பாலிசி முழுவதும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அவர் முக்கியமான வரிகளின் ஓரத்தில் தமிழில் பேனாவால் எழுதிக் கொடுப்பது உதவியாக இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலில் பாலிசி பெறுபவர்களுக்கு அந்த ஓரக் குறிப்பு கிடைக்காது.

கணவன் பெயரில் வண்டி, கணவனே ஓட்டுகிறார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பவர்களுக்குச் செயலியே போதும். இந்த மாடியேறி ஒரு முற்பகலைச் செலவழிக்க அவசியம் இல்லை. தந்தை பெயரில் இருந்து மகள் ஓட்டும் வண்டி, வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் வாங்கி இங்கே தம்பி ஓட்டும் வண்டி, உரிமையாளர் காலமாகி இன்னும் பெயர் மாற்றாத வண்டி ஆகியவை வைத்திருப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். கடைசி வகையினர் தாமதிக்கக் கூடாது: பாலிசிதாரர் இறந்தால் பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அதற்குள் காலம் முடிந்தால் அதுவரை மட்டுமே நிற்கும், வாரிசுகள் அதற்குள் இறப்புச் சான்றிதழோடு தங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இந்த அலைச்சலைக் குறைக்க, 2021 முதல் ஆர்.சி.யிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி வந்திருக்கிறது. அதைச் செய்துவிடுங்கள் என்று மாமாவிடம் அவர் சொன்னார். மாமா அத்தையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

போகும்போது ஆர்.சி., பழைய பாலிசி, வீட்டில் வண்டியைத் தொடும் எல்லோருடைய உரிமங்கள், நியமனதாரரின் பிறந்த தேதி தெரியும் ஆவணம் ஆகியவற்றின் அசலை எடுத்துச் செல்லுங்கள். கைபேசியில் உள்ள படத்தை அவர்கள் ஏற்பதில்லை. மதியம் ஒன்றரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள்.